எந்தத் தலைமையகத்தின் கீழே

“அத்தான், எந்தப் பக்கத்தாலை வாற ஆமி நல்லது?”

“ஏன் கேக்கிறாய்?”

“இவர்தான் கேக்கச் சொன்னவர். மேற்காலையும் வாறாங்கள், தெற்காலையும் வாறாங்கள். வடக்காலை சாலைக் கிராமத்துப் பக்கமும் வந்திட்டாங்களாம். உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்.”

“வடக்காலை வாறவங்கள் யாழ்ப்பாணத்துத் தலைமையகத்துக்குக் கீழை இருந்தவங்கள், சுவர்ணா. பத்துப் பன்னிரண்டு வருஷமாச் சனத்துக்குள்ளை நிண்டவங்கள். வெளிக்கிடுறதெண்டால் அந்தப் பக்கமா வெளிக்கிடுங்கோ.”

“அப்ப மேற்காலை போகவேண்டாம்?”

“வேண்டாம். அவங்கள் புது ஆக்கள். சண்டைக்கெண்டே சேர்த்தவங்கள்.”

“சரி அத்தான். அக்கா நிக்கிறாவே?”

“ரோல்ஸ் குடுக்கக் கடைக்குப் போட்டா. ஒரு பத்து நிமிஷத்தாலை எடுக்கேலுமே?”

“ஏலாது. போனுக்குப் பின்னாலை சரியான சனம் நிக்குது. அக்காட்டைச் சொல்லுங்கோ. வைக்கிறன்.”

வன்னியிலிருந்து லண்டனுக்கு வந்த தொலைபேசியில் இந்தப் பேச்சு நடந்தது மாசி மாதக் கடைசியில். மூன்று நிமிஷம்கூட இராது. அன்றிலிருந்து ஏழு மாதமாக கிருஷ்ணராசா அதைத் தனக்குள் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் போகும்போது பேசுவான். பெற்றோல் ஸ்டேஷனில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும்போது பேசுவான். ஒவ்வொரு தரமும் வேறு பதில் சொல்லிப் பார்ப்பான். “எனக்குத் தெரியாது, சுவர்ணா” என்று ஒரு நாள். “எல்லாரும் போற பக்கம் போங்கோ” என்று இன்னொரு நாள். அவன் என்ன சொன்னாலும் மச்சாளின் குரல் மட்டும் மாறவே மாறாது. “சரி அத்தான்” என்றுதான் ஒவ்வொரு தரமும் முடியும்.

அவள் அவனிடம் கேட்டதில் புதுமை ஒன்றுமில்லை. அந்த மாதங்களில் வெம்பிளியில் பாதிப் பேர் அவனிடம்தான் கேட்டார்கள். யாழ்ப்பாணம் ஆமியின் கைக்கு வந்த பிறகு, தொண்ணூற்றாறிலிருந்து நாலு வருஷம், கிருஷ்ணராசா அங்கே பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். குடாநாட்டை விட்டு வெளியே போக விரும்புகிறவர்களின் பாஸ் விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாக சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு ஆமியின் சிவில் ஒஃபீசுக்குப் போவதும், கையெழுத்தானவற்றைத் திருப்பிக் கொண்டு வருவதும்தான் அவனுடைய வேலை. கொழும்பில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கிழவரும், கலியாணம் பேசி முடிந்த பெண்ணும் அந்தக் கட்டுக்காக அவனுடைய மேசைக்கு முன்னால் காத்திருப்பார்கள்.

அந்த அலைச்சலில் ஆமி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. சந்தியில் காவல் நிற்கிற சென்றிக்கு மேலே முகாம். முகாமுக்கு மேலே பட்டாலியன், அதற்கு மேலே பிரிகேட், அதற்கும் மேலே டிவிசன். எல்லாவற்றுக்கும் மேலே தலைமையகம். யாழ்ப்பாணத்துக்கு ஒரு தலைமையகம், வன்னிக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய தளபதி, ஒரு எல்லை, ஒரு முத்திரை. ஒரு தலைமையகத்தின் பாஸ் துண்டு மற்றதன் எல்லைக்குள் செல்லாது. எந்த ஆளுடைய காகிதம் எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்று பார்த்தவுடனே சொல்லக்கூடியவன் கிருஷ்ணராசா. மற்றவர்கள் மாதக்கணக்காக அலைகிற இடத்தில் அவன் கட்டிய கட்டு ஒரு கிழமையில் திரும்பி வரும்.

பிறகு ஜேர்மனி, அங்கே நாலு வருஷம், பிறகு லண்டன். வன்னியில் சண்டை இறுகத் தொடங்கியபோது அவன் இணையத்திலிருந்து வரைபடங்களை எடுத்து, எட்டுத் தாள்களை செலோடேப்பால் ஒட்டி, குசினிச் சுவரில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். யாழ்ப்பாணத் தலைமையகம் பச்சை. வன்னி மஞ்சள். கிழக்கு ரோஸ். டிவிசன்களுக்கு அம்புக்குறி. வீட்டிலேயே சுற்றிக் கடைகளுக்குக் கொடுக்கிற ரோல்ஸுக்கு இறைச்சி வேகிற ஆவியில் தாள்கள் நெளிந்து போயிருந்தன. தொலைபேசி அடித்தால், “அண்ணை, விசுவமடு இப்ப ஆற்றை கையிலை?” என்று கேட்பார்கள். அவன் அகப்பையோடு சுவரடியில் போய் நின்று பதில் சொல்லுவான்.

அவனுடைய மனைவி, சுவர்ணாவின் அக்கா தயாளினி அவனைப் பகிடி பண்ணுவாள். பிரிட்டிஷ் குடியுரிமைக்கான சோதனையை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் எழுதினார்கள். அவள் முதல் தரமே பாஸ். அவன் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டைவிட்டான்.

“ஆமியை டிவிசன் டிவிசனாச் சொல்லத் தெரியுது. வேல்ஸ்காரருக்கு எப்ப பெருநாள் எண்டு தெரியேல்லை.”

“வேல்ஸ்காரன் ஆற்றையாவது ஊருக்குள்ளை வாறானே? வந்தால் பாத்து வைச்சிருப்பன்.”

அந்தப் பகிடியெல்லாம் பங்குனியோடு நின்றுவிட்டது. சித்திரையில் தயாளினி ஒவ்வொரு நாளும் ரோல்ஸ் வேலையை முடித்துவிட்டு, அண்டர்கிரவுண்ட் ரயில் பிடித்து, பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போய் இருட்டும்வரை சனத்தோடு சனமாக நின்று சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். தொண்டை கட்டிப் போய் வீட்டுக்கு வருவாள். ஒரு தமிழ்ப் பேப்பரின் முன்பக்கத்தில் அவளுடைய படம் வந்தது. வாய் அகலத் திறந்து, கை உயர்ந்து, முகம் துலக்கமாக. வைகாசியில் எல்லாம் முடிந்தது, மிஞ்சிய சனத்தை ஆமி முகாம்களில் அடைத்தது. சுவர்ணாவும் புருஷன் கீர்த்தனனும் ஐந்து வயது ஜதுர்ஷிகாவும் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

ஆனியில் கிருஷ்ணராசா கடிதம் எழுதத் தொடங்கினான். அது அவனுக்குத் தெரிந்த தொழில். சுவர்ணா வடக்குப் பக்கமாகத்தான் போயிருப்பாள். அந்தப் பக்கம் இறங்கியது யாழ்ப்பாணத்து டிவிசன். ஆகவே காகிதம் போகவேண்டிய வாசல் யாழ்ப்பாணத் தலைமையகம். அவனுக்கு இதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாக நின்ற இடம், எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, கொழும்பிலிருந்த ஒருவரைப் பிடித்துச் சிங்களத்திலும் மாற்றி, பதிவுத் தபாலில் அனுப்பினான். ஆனியில் ஒன்று, ஆவணிக் கடைசியில் ஒன்று, புரட்டாதியில் ஒன்று. அவனிடம் கேட்டுவந்த பதினேழு குடும்பங்களுக்கும் அதே கணக்கில் வாசல் சொல்லிக் கொடுத்தான்.

அந்த ஆனியில்தான் தயாளினியின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் வந்தது. கிருஷ்ணராசாவிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம். உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், ஒரே ஒரு நாட்டைத் தவிர என்று அதில் எழுதியிருந்தது. அவளுடைய சிவப்புப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அது வந்த நாளிலிருந்து அவளுடைய வாய்க்குள் ஒரு கேள்வி நிற்பது அவனுக்குத் தெரியும். சோறு போடும்போது, “இஞ்சேருங்கோ” என்று தொடங்குவாள். அவன் உடனே, “கடிதம் போட்டிருக்கல்லே. பதில் வரட்டும்” என்பான். அவள், “ஓம், வரட்டும்” என்று கறிச்சட்டியை மூடுவாள். கொழும்பில் விமானத்தால் இறங்கிய ஒரு பெண்ணை மூன்று நாள் வைத்து விசாரித்தார்களாம் என்று கடையில் ஒரு கதை கேட்டால், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு தரம் சொல்லுவான். பேப்பரில் வந்த படத்தைப் பற்றி அவன் ஒருநாளும் கதைக்கமாட்டான். அவளும் கதைக்கமாட்டாள். பதில் வரட்டும் என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு பேரும் நாலு மாதம் இருந்துவிட்டார்கள்.

புரட்டாதியின் கடைசி வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. பெரிய மழையுமில்லை, துணி காயவும் விடாது, குடை பிடித்தால் வெட்கமாகவும் இருக்கும், அந்த மாதிரித் தூறல். மறுநாள் ஹரோவில் ஒரு சாமத்திய வீட்டுக்கு ஐந்நூறு ரோல்ஸ் ஓடர். வைகாசிக்குப் பிறகு வந்த முதல் கொண்டாட்ட ஓடர் அது. எடுப்பதா விடுவதா என்று கிருஷ்ணராசா இரண்டு நாள் யோசித்தான்.

“பிள்ளை பெரிசானதுக்கு அது என்ன செய்யும்?” என்றாள் தயாளினி. “சனம் எத்தினை நாளைக்கு வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்? எடுங்கோ.”

விடிய நாலு மணிக்கு எழும்பி உருளைக்கிழங்கு அவித்தாள். ஆட்டிறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டி, வெங்காயமும் மிளகும் போட்டுப் பிரட்டி, கிழங்கோடு சேர்த்து மசித்து, தாச்சியோடு ஆறவைத்தாள். பிறகு கோதம்பமா கரைசலை இரண்டு தோசைக் கல்லில் மாறி மாறி ஊற்றி, மெல்லிய தோல்களாகச் சுட்டு அடுக்கினாள். கிருஷ்ணராசா தோலை விரித்து, கறியை வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, பாயைச் சுற்றுவதுபோல இறுக்கிச் சுற்றி, மாப்பசையால் ஒட்டுவான். சுற்றினதை முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டுவது அவளுடைய வேலை. இருநூற்றுச் சொச்சம் முடிந்திருக்கும். வாசல் மணி அடித்தது.

வந்தவர் செபமாலைமுத்து. மன்னார்ப் பக்கத்து மனிதர். அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட்டில் மீன்கடை வைத்திருக்கிறார். எழுபது வயதாகியும் விடிய மீன் சந்தைக்குத் தானே போகிறவர். கோட்டைக் கழற்றி மாட்டியபோது மழை வாசமும் மீன் வாசமும் சேர்ந்து வந்தன.

“இந்த மழைக்குள்ளை ஏன் அண்ணை? ஒரு போன் எடுத்திருக்கலாமே.”

“மழையைப் பாத்தால் இந்த நாட்டிலை செத்தவீட்டுக்கும் போகேலாது, தம்பி. பிள்ளை, தேத்தண்ணி போடு. சீனி வேண்டாம், டொக்டர் பேசுறான். அந்த ரோல்ஸிலை ஒண்டு பொரிச்சுத் தா.”

தயாளினி இரண்டு பொரித்துக் கொடுத்தாள். அவர் ஊதி ஊதித் தின்றார்.

“உறைப்புக் காணாது.”

“சாமத்திய வீட்டுக்கு, அண்ணை. வெள்ளைக்காரப் பிள்ளையளும் வருவினம்.”

“அப்ப சரி. எனக்கெண்டு சுத்தேக்கை ரெண்டு பச்சைமிளகாய் வை.” கையைத் துடைத்துக்கொண்டார். “என்ரை பெறாமகள் நிர்மலா முகாமிலையிருந்து வெளியிலை வந்திட்டாள். போன புதன்கிழமை. இப்ப கொழும்பிலை தமையனோடை நிக்கிறாள்.”

“ஐயோ, நல்ல செய்தி அண்ணை!” கிருஷ்ணராசா எழும்பிவிட்டான். “நான் சொன்னனானல்லே? கடிதம் போய்ச் சேர்ந்தால் ஒரு நாளைக்குப் பதில் வரும்.”

“நீர் சொன்ன விலாசத்துக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், தம்பி, அவள் கிழவியாகித்தான் வந்திருப்பாள்.”

கிருஷ்ணராசா சிரிக்கப் பார்த்தான். கிழவர் சிரிக்கவில்லை. மேசையில் மாப்படாத ஒரு மூலையைத் தேடி, பொலித்தீன் பையிலிருந்து ஒரு போட்டோக் கொப்பியை எடுத்து விரித்தார்.

“தலைப்பை வாசியும்.”

கிருஷ்ணராசா வாசித்தான். வன்னித் தலைமையகம், வவுனியா என்று இருந்தது.

“அது... நிர்மலா வேறை பக்கத்தாலை வந்திருப்பாள்.”

“சாலைப் பக்கத்தாலைதான் வந்தவள். உம்மடை வடக்குப் பக்கம்.”

“அண்ணை, அந்த டிவிசன் யாழ்ப்பாணத்து டிவிசன். முகமாலை எல்லையிலை நிண்டது. எனக்குத் தெரியாதே? அவங்கடை பிரிகேட் ஒஃபீசுக்கு நாலு வருஷம் பைல் கட்டிக்கொண்டு திரிஞ்சனான்.”

“நிண்டது. இப்பவும் நிண்ட இடத்திலையே நிக்குது?” கிழவர் எழும்பிச் சுவரடிக்குப் போனார். ஈரம் ஊறிய விரலால் பச்சை நிறத்திலிருந்து புறப்படும் அம்புக்குறியைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போய் மஞ்சளுக்குள் நிறுத்தினார். “இஞ்சை இறங்கின பிறகு இவனுக்கு ஓடர் குடுக்கிறது ஆர்? யாழ்ப்பாணத்தானே? இல்லை. வன்னிச் சண்டை முழுக்க வன்னித் தலைமையகத்தின்ரை கையிலை. பேர் பழைய பேர்தான். கேள்வி கேக்கிற ஆள் வேறை.”

கிருஷ்ணராசாவும் சுவரடிக்கு வந்து அந்த அம்புக்குறியைப் பார்த்தான்.

“உமக்கு டிவிசன் எண்டால் காணி மாதிரி. ஒருக்கா உறுதி எழுதினால் அந்த இடத்திலையே கிடக்கும் எண்டு நினைப்பு. இது காணி இல்லைத் தம்பி, வள்ளம். எந்தத் துறையிலை கட்டியிருக்கோ அந்தத் துறைக்காரனோடைதான் கதைக்கவேணும். வந்த சனத்தையெல்லாம் பஸ்ஸிலை ஏத்தி வவுனியாவுக்குத்தானே கொண்டு போனவங்கள். நீர் யாழ்ப்பாணத்துக்கு எழுதினால், பாவம், அவன் என்ன செய்வான்? தன்ரை புத்தகத்திலை இல்லாத ஆளை எங்கை போய்த் தேடுவான்?”

“நீங்கள் எப்ப வவுனியாவுக்கு எழுதினனீங்கள்?”

“ஆனியிலையே. நீர் சொன்னதுக்கும் எழுதினனான், அதுக்கும் எழுதினனான். நான் மீன்காரன். ஒரு வலையை நம்பி வீட்டை இருக்கமாட்டன்.”

தோசைக் கல்லிலிருந்து கருகிய மணம் வந்தது. தயாளினி அடுப்பை நிறுத்தினாள். இவ்வளவு நேரமும் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கிழவரின் குரல் இறங்கியது. “இதைச் சொல்லிறதுக்கு மட்டும் நான் அப்டன் பார்க்கிலையிருந்து வரேல்லைப் பிள்ளை. நிர்மலா ஒரு சேதி சொன்னவள். அவையின்ரை கூடாரத்திலையிருந்து நாலாவது வரிசையிலை சுவர்ணா எண்டு ஒரு பொம்பிளை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சின்னப் பெம்பிளைப்பிள்ளை ஒண்டு கூட. பேர் ஜதுர்ஷிகாவாம்.”

தயாளினி கதிரையைப் பிடித்தாள். இருக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கீர்த்தனன்?” என்றாள்.

“அதை நிர்மலா சொல்லேல்லை. நானும் ரெண்டு தரம் கேட்டனான். ‘அவ பிள்ளையோடை தனிய இருக்கிறா, பெரியப்பா’ எண்டதுதான் பதில். வேறை பஸ்ஸிலை ஏத்தியிருக்கலாம். அப்பிடிக் கனபேர் பிரிஞ்சு போச்சினம்.” அவர் அந்த இடத்தில் நிற்காமல் அவசரமாகத் தாண்டினார். “பிள்ளைக்குச் சுகமாம். தலைமயிர் கட்டையா வெட்டியிருக்காம். தண்ணிக்கு லைனிலை நிக்கேக்கை சுவர்ணா எல்லாரிட்டையும் சொல்லுவாளாம்: ‘எங்கடை அத்தான் லண்டனிலை இருக்கிறார். அவருக்கு எல்லாத் தலைமையகமும் தெரியும். எங்களை எடுத்துப்போடுவார்’ எண்டு.”

கிருஷ்ணராசா தன்னுடைய கைகளைப் பார்த்தான். விரலிடுக்கெல்லாம் மாப்பசை காய்ந்து வெடித்திருந்தது.

“இப்ப என்ன செய்யவேணும் அண்ணை?” என்று கேட்டது தயாளினி.

“வவுனியாவுக்கு எழுதுங்கோ. எழுதவேணும்தான். ஆனால் நிர்மலாவை எடுத்தது கடிதம் இல்லைப் பிள்ளை. தமையன் கொழும்பிலையிருந்து போய், நாலு நாள் வாசலிலை நிண்டு, கூடப்பிறந்தவன் எண்டு சான்றிதழ் காட்டிக் கையெழுத்து வைச்சவன். மச்சானும் அத்தானும் கணக்கில்லையாம், இரத்த உறவு நேரிலை வரவேணுமாம். எங்கடை ஆளுக்கு அப்பிடித்தான் நடந்தது. மற்ற ஆக்களுக்கு என்னெண்டு எனக்குத் தெரியாது.”

சுவர்ணாவின் தாய் தகப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப்பிறந்தது என்று உலகத்தில் இருந்தது ஒருத்திதான். அவள் இந்தக் குசினியில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிழவர் புறப்படும்போது தயாளினி பன்னிரண்டு ரோல்ஸ் சுற்றிக் கொடுத்தாள். வாசலில் அவர் கிருஷ்ணராசாவின் தோளைத் தட்டினார்.

“நான் கொஞ்சம் கடுமையாக் கதைச்சிட்டன். நீர் வேணுமெண்டு செய்யேல்லை. மற்றச் சனத்துக்கும் இண்டைக்கே சொல்லிவிடும்.”

பதினேழு குடும்பம். பேரும் நம்பரும் எழுதிய தாள் வரைபடத்தின் அடியில் குத்தியிருந்தது. கிருஷ்ணராசா தொலைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்தான். முதல் பெயர் சிவானந்தன், ஸ்ட்ரெதம். தாயை வன்னியில் விட்டவன். நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், “அண்ணை, பதில் ஏதும்?” என்று எடுக்கிறவன்.

“சிவானந்தன், நான் கிருஷ்ணராசா.”

“சொல்லுங்கோ அண்ணை! வந்திட்டுதே?”

“இல்லை. அந்த விலாசம் பிழை.”

“எந்த விலாசம்?”

“யாழ்ப்பாணத்துக்கு எழுதச் சொன்னது. வவுனியாவுக்கு எழுதவேணும். வன்னித் தலைமையகத்துக்கு.”

மறுபக்கத்தில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“நாலு மாசம், அண்ணை.”

“ஓம்.”

“அம்மாவுக்கு எழுபத்தொண்டு.”

“ஓம், தெரியும். விலாசத்தை எழுத்துக்கூட்டிச் சொல்லுறன், பேனை இருக்கே?”

“இல்லை, நீங்கள் சொல்லவேண்டாம்.” குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் கேட்க ஏலாமல் இருந்தது. “கோவிக்காதையுங்கோ. நான் வேறை ஆரிட்டையும் கேக்கிறன்.”

கிருஷ்ணராசா இரண்டாவது நம்பரை அழுத்தத் தொடங்கினான். ஐந்து இலக்கம் அழுத்தினான், நிறுத்தினான். திரும்ப அழுத்தினான். மேலே ஜன்னலில் தூறல் விழுந்துகொண்டே இருந்தது. குசினியிலிருந்து தயாளினி கூப்பிட்டாள்.

“வாங்கோ. தோல் காயுது. கை வேணும்.”

அவன் போய்த் தன் இடத்தில் நின்றான். தோலை விரித்தான், கறியை வைத்தான், மடித்தான். கறி ஒரு பக்கமாகப் பிதுங்கியது. அவள் அதை வாங்கி அவிழ்த்துத் தானே திரும்பச் சுற்றிவைத்தாள். பத்து, பதினைந்து என்று ரோல்ஸ் தட்டில் ஏறின.

“தயா.”

“ம்.”

“சுவர்ணாவை வடக்காலை போகச் சொன்னது நான்.”

“தெரியும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முட்டையில் தோய்த்த ரோல்ஸை ரஸ்க் தூளில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. முந்தியெல்லாம் நீங்கள் போனிலை ‘இப்பிடிப் போ, அப்பிடிப் போகாதை’ எண்டு வீடு அதிரச் சொல்லுவியள். அவள் எடுத்த கிழமையிலையிருந்து ஒருத்தருக்கும் வழி சொல்லேல்லை. ‘யோசிச்சுச் செய்யுங்கோ’ எண்டு மட்டும்தான். அப்பவே எனக்கு விளங்கிட்டுது.”

“ஏன் கேக்கேல்லை?”

“கேட்டால் நீங்கள் சொல்லுவியள். சொன்னால் நான் உங்களைக் கோவிக்கவேணும். உங்களைக் கோவிச்சுப்போட்டு இந்த ஊரிலை நான் ஆரோடை இருக்கிறது?”

“கீர்த்தனன்...” என்றான்.

“அதை இப்ப கதைக்கவேண்டாம்.” முதல் தடவையாக அவளுடைய கை நின்றது. “அவள் இருக்கிறாள். பிள்ளை இருக்குது. நாலாவது வரிசையிலை இருக்குதுகள். இண்டைக்கு அது காணும்.”

அவள் தாச்சியில் எண்ணெயை வைத்தாள். காய்ந்ததும் ஆறு ஆறாகப் போட்டுப் பொரிக்கத் தொடங்கினாள். எண்ணெய்ச் சத்தம் குசினியை நிறைத்தது. அந்தச் சத்தத்துக்கு மேலாக கிருஷ்ணராசா பேசத் தொடங்கினான். அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. நாளைக்கே வவுனியாவுக்கு எழுதுவான். நிர்மலா இருந்த முகாம் என்பதும் வரிசையும் இப்போது தெரியும், அது நல்லது. நேரே தளபதிக்கு எழுதாமல் முதலில் சிவில் ஒஃபீசருக்கு ஒரு பிரதி, அரச அதிபருக்கு ஒரு பிரதி, செஞ்சிலுவைக்கு ஒன்று. சிங்களப் பிரதி கீழே இருக்கக்கூடாது, மேலே இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் செய்வார்கள். இல்லை, யாழ்ப்பாணத்தில் செய்ததை விடுவோம். வவுனியாவில் எப்படி என்று செபமாலைமுத்து அண்ணையிடம் கேட்டு...

பேசப் பேச அவனுடைய குரல் அவனுக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. தயாளினி பொரிந்தவற்றை எடுத்துப் பேப்பரில் வைத்து, அடுத்த ஆறைப் போட்டாள். அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். அவன் முடித்தான்.

கடைசித் தட்டும் பொரிந்த பிறகு அவள் அடுப்பை நிறுத்தினாள். பைப்பைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, முழங்கைவரை கழுவினாள். கழுத்தில் கிடந்த துவாயால் விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு வந்து அவனுக்கு முன்னால், மாக்கொட்டிய மேசைக்கு மற்றப் பக்கத்தில் இருந்தாள்.

“இஞ்சேருங்கோ.”

“கடிதம் போட்டிருக்கல்லே” என்று அவனுடைய வாய் தானாகத் தொடங்கியது. பாதியில் நின்றது. சரியான வாசலில் ஒரு கடிதமும் இல்லை. பதில் வருவதற்கு இனி ஒன்றும் இல்லை. மழைக் கோட்டோடு வந்த கிழவர் அந்தச் சாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவன் வேறு ஏதாவது சொல்லத் தேடினான். விமானத்தால் இறங்கிய பெண்ணின் கதை நினைவுக்கு வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தான். அதைச் சொல்ல ஏலவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அவனுக்கு அவகாசம் கொடுப்பதுபோல. பிறகு, பக்கத்துக் கடைக்குப் போக உத்தரவு கேட்கிற குரலில் கேட்டாள்.

“நான் ஒருக்காப் போய் அவளைப் பாத்திட்டு வரட்டே?”